முழுதாகப் பார்க்காமலே படிக்கும் கலை

விக்கிப்பீடியா தன் கட்டுரைகள் அனைத்தையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி எக்ஸ்எம்எல் கோப்பாகத் தருகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு உரியதைச் சுருக்கம் நீக்கி விரித்தால் பல பத்து ஜிபி வரும். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து முடித்துவிடுகிறது. அதுவும் நினைவகத்தில் மிகச் சிறிய மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு! இது எப்படி முடிகிறது?

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக எலிமென்ட்கள் அடங்குவதால், முழு ஆவணத்தையும் ஒரு மரமாகப் பார்ப்பதே இயல்பாகத் தோன்றும். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'டாம்' என்ற நிரலாக்க முறை அப்படித்தான் பார்த்தது. ஒவ்வொரு எலிமென்டுக்கும் ஓர் ஆப்ஜெக்ட், அவற்றுக்கிடையே பெற்றோர், பிள்ளை உறவு. வசதியான ஏற்பாடுதான். ஆனால் மரம் பெரும்பாலும் கோப்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும்.

டேவிட் மெகின்சன் ஒருங்கிணைக்க, பல நிரலர்கள் கூடி உருவாக்கிய 'சாக்ஸ்' அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1998 மே மாதம், வந்துவிட்டது. அதன் பார்வையில் எலிமென்ட் என்பது ஒரு நிகழ்வு. டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருவதால் ஒரு வரியைத் தமிழிலேயே பார்ப்போம்:

<நூல்><தலைப்பு>திருக்குறள்</தலைப்பு></நூல்>

சாக்ஸ் பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பகுக்கும் நிரல், இதைப் படிக்கும்போது வரிசையாக அறிவிக்கும்: 'நூல்' தொடங்கியது, 'தலைப்பு' தொடங்கியது, 'திருக்குறள்' என்ற எழுத்துகள் வந்தன, 'தலைப்பு' முடிந்தது, 'நூல்' முடிந்தது. வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்பது போலத்தான். வர்ணனையாளர் பந்துக்குப் பந்து சொல்லிக்கொண்டே போவார். ஸ்கோர் எழுதிவைப்பது கேட்பவர் பொறுப்பு.

கேட்பவர் இங்கே ஓர் ஆப்ஜெக்ட். தொடக்கம், எழுத்து, முடிவு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மெத்தட் எழுதி அதைப் பார்சரிடம் ஒப்படைத்தால் போதும். நேரம் வரும்போது பார்சரே அழைக்கும். கேட்பவர் தலைப்புகளை எண்ணுகிறாரா, தரவுத்தளத்தில் சேர்க்கிறாரா என்பது பார்சருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அழகு இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடங்கள் குறைவு என்பேன்.

'இப்போது எந்த எலிமென்டுக்குள் இருக்கிறோம்' என்பதை அறிய ஓர் அடுக்கு போதும். தொடங்கும்போது பெயரை மேலே வைக்கிறோம், முடியும்போது எடுத்துவிடுகிறோம். ஆகவே தேவைப்படும் நினைவகத்தை முடிவு செய்வது கோப்பின் நீளமல்ல, அதன் ஆழம். விக்கிப்பீடியா கோப்பு எத்தனை ஜிபி நீண்டாலும் ஆழம் ஐந்தாறு அடுக்கைத் தாண்டுவதில்லை.

ஒரு கண்ணி உண்டு. எழுத்துகள் ஒரே தவணையில் வரும் என்று சாக்ஸ் உறுதி தருவதில்லை. பார்சரின் இடைநினைவகம் எங்கே முடிகிறதோ அங்கே சொல் உடையலாம். யூனிகோடில் 'தி' என்பது 'த', இகரக் குறி என இரண்டு குறியீடுகள். முதல் அழைப்பில் 'த' மட்டும் வந்து, அடுத்த அழைப்பில் இகரக் குறியும் 'ருக்குறள்' என்பதும் வரக்கூடும். முடிவு நிகழ்வு வரும்வரை துண்டுகளைச் சேர்த்துவைத்து, அதன் பிறகே சொல்லைப் பயன்படுத்த வேண்டும்.

2004இல் ஜாவாவுக்கு வந்த 'ஸ்டாக்ஸ்' இன்னொரு படி போனது. அதில் நிகழ்வையே ஓர் ஆப்ஜெக்டாகப் பெறலாம். நிரல் 'அடுத்தது' என்று கேட்டால் பார்சர் ஒன்றைத் தரும். வேண்டியது கிடைத்ததும் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆப்ஜெக்ட் என்பதால் அதை வரிசையில் நிறுத்தலாம், வடிகட்டலாம், வேறொரு நிரல்பகுதிக்கு அனுப்பலாம்.

எக்ஸ்எம்எல்லை நிகழ்வுகளாகக் காணும் இந்தப் பார்வை இல்லாமல் முடியவே முடியாத இடமும் உண்டு. ஜாபர் என்று தொடங்கிய உடனடிச் செய்தி முறையில் ஓர் இணைப்பில் ஒரு தரப்பு அனுப்புவது முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் ஓடை. இணைந்ததும் தொடக்க டேக். விடைபெறும்போதுதான் முடிவு டேக். முழு மரத்துக்காகக் காத்திருந்தால் முதல் 'வணக்கம்' பேச்சு முடிந்த பிறகே வந்து சேரும்.

பைத்தான் தெரிந்தவர்கள் சாக்ஸுக்காகத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அது அந்த மொழியுடனேயே வருகிறது. தமிழ் விக்கிப்பீடியாவின் கோப்பை இறக்கி, அதிலுள்ள தலைப்புகளை எண்ணும் ஒரு சிறு கிளாஸ் எழுதிப் பாருங்கள்.