வாரம் ஒரு நாள் மாத்திரை

தாராவியில் தோல் என்றால் பிழைப்பு. பதனிட்ட தோலை வெட்டிப் பைகளும் பெல்ட்டுகளும் தைக்கும் சந்துகளில் திருநெல்வேலிப் பேச்சு இன்றும் காதில் விழும். ஆனால் ஒருவருடைய சொந்தத் தோலே செதில் செதிலாக உதிரத் தொடங்கினால்? ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி: "ஒட்டிக்குமோ?"

ஒட்டாது. சொரியாசிஸ் தொற்றுநோயும் அல்ல, தொழுநோயும் அல்ல. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால், ஒரு மாதத்தில் நடக்க வேண்டிய தோல் வளர்ச்சி சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. சிறு திட்டுகளுக்குக் களிம்பு போதும். உடம்பெங்கும் பரவினாலோ மூட்டுகளைத் தாக்கினாலோ உள்ளுக்கு மருந்து வேண்டும்.

அவற்றில் பழையதும் மலிவானதும் மெத்தோட்ரெக்ஸேட். அதன் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் லெடர்லி ஆய்வுக் குழுதான் ஃபோலிக் அமிலத்தை முடக்கும் இவ்வகை மருந்துகளை உருவாக்கியது. ரத்தப் புற்றுநோய்க்காக வந்தவை அவை. அவற்றில் ஒன்றான அமினோப்டெரின் சொரியாசிஸையும் அடக்குவது 1951இல் தெரிந்தது. 1972இல் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சொரியாசிஸுக்குப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி அளித்தது.

ஆபத்து இருப்பது கணக்கில். சொரியாசிஸுக்கு இந்த மருந்து வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற மாத்திரைகளைப் போல தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகலாம். வாய்ப்புண்ணும் காய்ச்சலும் எச்சரிக்கை மணிகள். இந்தத் தவறு உலகெங்கும் நடப்பதால்தான் 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை புதிய கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரும்படி நோயாளி கேட்பது நல்லது. மது ஈரலைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. வலி மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

புதிய ஊசி மருந்துகளும் உண்டு. பெங்களூர் பயோகான் நிறுவனம் 2013இல் 'அல்சுமாப்' மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இத்தகைய ஊசிகளின் விலை தினக்கூலிக்காரருக்கு எட்டாதது. உள்ளே உறங்கும் காசநோயைச் சில ஊசிகள் எழுப்பிவிடும் என்பதால் முதலில் அதற்கான பரிசோதனையும் வேண்டும்.

அவசரத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வது இன்னொரு பொறி. நிறுத்தியதும் நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பலாம். தாராவியை ஒட்டியே இருக்கிறது மாநகராட்சியின் சயான் மருத்துவமனை. அங்கே வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போகும்தான். அதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், ஈரலும் மஜ்ஜையும் கெடுவது கடைசிவரை தெரியாமலே போகும்.