தட்டானின் தலைக்குள்ளே ஒரு கணக்கு

(பத்தாம் வகுப்பு மாணவி)

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பர் நம் பெரியோர். நம்மில் பலர் தட்டானை அவ்வளவில்தான் அறிவோம். ஆனால் தோட்டத்தின் மேலே சுற்றிச் சுற்றி வரும் தட்டான் விளையாடவில்லை, வேட்டையாடுகிறது! கொசுக்களும் சிறு பூச்சிகளுமே அதன் இரை. நூறு முறை பாய்ந்தால் சுமார் 95 முறை பிடித்துவிடும். காட்டரசனாம் சிங்கமோ பெரும்பாலான வேட்டைகளில் தோற்றே திரும்புகிறது. மிகச் சிறிய மூளையுடைய தட்டானுக்கு இது எப்படி முடிகிறது?

முதற்காரணம் அதன் கண்கள். ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறத்தாழ 30,000 வரை சிறு கண்கள் உள்ளன. மேல்நோக்கிய பகுதி மிகக் கூர்மையானது. ஆகவே, வெளிச்சமான வானத்தில் பறக்கும் பூச்சி அதற்குக் கரும்புள்ளியாகத் தெரிகிறது.

அடுத்தது, அது துரத்தும் முறை. முயலைத் துரத்தும் நாய்போல் அது இரையின் பின்னால் ஓடுவதில்லை. இரை வந்து சேரப்போகும் இடத்துக்கே நேராகப் பறக்கிறது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஓல்பர்க் குழுவினர் 36 வேட்டைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 2000-ஆம் ஆண்டில் இதை விளக்கினர். இரையின் உருவம் தன் கண்ணில் இடம் மாறாதிருக்குமாறு தட்டான் தன் பாதையைத் திருத்திக்கொள்கிறது. எதிரே வரும் கப்பல் ஒரே திசையில் தெரிந்தபடியே நெருங்கினால் மோதல் நிச்சயம் என்பது மாலுமிகள் அறிந்த உண்மை. மாலுமி தவிர்க்கும் அந்த மோதலையே தட்டான் தேடிச் செல்கிறது!

இதற்கான செய்தியை மூளையிலிருந்து இறக்கைகளை இயக்கும் நரம்பு மையங்களுக்குக் கொண்டுசெல்பவை எட்டு இணை நரம்புச் செல்களே, அதாவது வெறும் பதினாறு! இரை எத்திசையில் நகர்கிறது என்பதை அவை ஒன்றுகூடித் தெரிவிக்கின்றன என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பூச்சிக் கூட்டத்தின் நடுவே தட்டான் குழம்பாதா? குழம்பாது. அதே 2013-இல், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக அறிஞர்கள் அதன் மூளையிலுள்ள ஒரு நரம்புச் செல்லை ஆராய்ந்தனர். இரண்டு புள்ளிகளைக் காட்டியபோது, அச்செல் ஒன்றை மட்டும் தேர்ந்து, மற்றொன்று இல்லவே இல்லாததுபோல் இயங்கியது. பாடம் படிக்கையில் பக்கத்து வீட்டு வானொலிக்குச் செவி கொடுக்கும் நமக்கு இது ஒரு பாடமல்லவா?

இன்னொரு வியப்பும் உண்டு. இரை நகரப்போவதையும் தன் உடல் திரும்பப்போவதையும் முன்கூட்டியே கணித்துத் தட்டான் தலையைத் திருப்புகிறது என்பது 2015-இல் தெரியவந்தது.

தட்டானின் குஞ்சுகள் குளம் குட்டைகளில் வாழ்ந்து கொசுப்புழுக்களைத் தின்கின்றன. நீர்நிலைகளைத் தூர்த்தால் இந்த நண்பனை இழப்போம். அன்புத் தோழியரே, இத்தனை அறிவு படைத்த உயிரின் வாலில் நூலைக் கட்டிக் கல்லைத் தூக்கவைத்து மகிழ்கின்றனர் நம் தம்பிமார். தட்டானின் கதையை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்வோம். அந்த நூலை அவர்களே அவிழ்த்துவிடுவார்கள்.