"ஆம்பளப் பையன்தானே!" என்று விட்டுவிடாதீர்கள்

லீவு விட்டாச்சு. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் அமிர்திக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டீர்கள். ஜவ்வாது மலையடிவாரம், மரநிழல், மான்கள், கொஞ்ச தூரம் நடந்தால் அருவி. பெண் குழந்தையின் கையை அம்மா இறுக்கிப் பிடித்திருக்கிறாள். பையன்? "அவன் எங்கேயாவது ஓடிக்கிட்டிருப்பான். ஆம்பளப் பையன்தானே, அவனுக்கு என்ன ஆகப்போவுது?"

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்கிறோம்.

சென்னையிலுள்ள 'துளிர்' அமைப்பு 2006-ல் 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியது. ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் பெண் பிள்ளைகளில் 39 சதவீதம். பையன்களில்? 48 சதவீதம்! மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொன்னது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைச் சந்தித்தார்கள். பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வளர்ந்த ஆண்களுக்கும் இது நடக்கிறது. இலங்கையில் காவலில் சித்திரவதைப்பட்டு, லண்டனில் சிகிச்சை மையம் ஒன்றுக்கு வந்த 184 தமிழ் ஆண்களில் 38 பேர் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். 2000-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த தகவல் இது.

ஏன் சொல்வதில்லை?

"ஆம்பள அழக்கூடாது" என்று சொல்லியே வளர்க்கிறோமே, அது முதல் காரணம். "திருப்பி அடிச்சிருக்கலாமே?" என்று கேட்பார்களோ என்ற பயம் அடுத்தது. ஆனால் உயிர் நடுங்கும் நேரத்தில் கை கால் விறைத்துப்போவது உடம்பின் இயல்பு. அது கோழைத்தனம் அல்ல.

இன்னொரு விஷயம், பலரை உள்ளுக்குள் அரிப்பது. அந்த நேரத்தில் உறுப்பில் கிளர்ச்சி ஏற்பட்டிருக்கலாம். "அப்போ நானும் விரும்பினேனோ?" என்று குழம்பிப் போகிறார்கள். இல்லவே இல்லை! கண்ணில் தூசி விழுந்தால் நீர் வருவது போல, அது நரம்புகளின் தன்னிச்சையான செயல். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமே கிடையாது.

இதை எல்லாம் மூடி வைத்தால் தூக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு, குடி, தற்கொலை எண்ணம் என்று வேறு வழியாகத் தலைகாட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

திடீரென்று படுக்கையில் சிறுநீர் கழிக்கிறானா? குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒதுங்குகிறானா? மலம் கழிக்கும்போது வலி என்கிறானா? காரணமில்லாமல் கோபமா? மார்க் குறைகிறதா? வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

சொல்லிவிட்டால், முதலில் நம்புங்கள். "உன் மேல தப்பே இல்லடா கண்ணு" என்று சொல்லுங்கள். சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால், குளிப்பாட்டாமல், அன்று போட்டிருந்த துணியோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். முதல் சிகிச்சையை அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம்.

2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போக்சோ சட்டம், 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் பொது. போலீஸார் சீருடை இல்லாமல், வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்கலாம். பையனின் பெயர் வெளியே வரக்கூடாது. உதவிக்கு 1098.

வளர்ந்த ஆண்களுக்குச் சட்டம் இன்னும் கை கொடுக்கவில்லை. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பாலியல் பலாத்காரம் என்றால் பாதிக்கப்பட்டவர் பெண்தான். பழைய 377-வது பிரிவும் அதில் இல்லை. அடித்தது, காயப்படுத்தியது, மிரட்டியது என்றுதான் புகார் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சிகிச்சைக்குத் தடையில்லை. மனநல டாக்டரைப் பாருங்கள். 14416-க்குப் போன் செய்தால் 'டெலி மானஸ்' ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், இலவசமாக. இருபது வருஷத்துக்கு முன் நடந்ததென்றாலும் தாமதமில்லை.

அடுத்த முறை அமிர்திக்குப் போகும்போது பையன் தாராளமாக ஓடி விளையாடட்டும். உங்கள் கண் மட்டும் அவன் மேலும் இருக்கட்டும். திரும்பி வரும் வழியில், "யாராவது உன்கிட்ட தப்பா நடந்தா, எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லலாம்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அது அவனுக்கு ஆயுசுக்கும் துணை!