குடற்பைகளும் இயந்திரக் கரமும்

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்கள் ஒரு செய்தியை அறிந்திருப்பார்கள். குளத்துக் கரை பெரும்பாலும் மதகை ஒட்டிய இடத்திலேதான் கசியத் தொடங்கும். மண்ணை ஊடுருவிக் கட்டடம் செல்லும் அவ்விடம் வலுக்குறைந்தது. நீரின் அழுத்தம் அதனைத் தேடிக் கண்டுகொள்கிறது.

நம் பெருங்குடலிலும் இதுவே நிகழ்கின்றது. ரத்தக் குழாய்கள் தசைச் சுவரைத் துளைத்துச் செல்லும் இடங்களில், உள்ளழுத்தம் மிகும்போது, உட்சவ்வு பிதுங்கிச் சிறு பைகளாகிறது. இப்பைகளை உடையவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் அவற்றால் துன்புறுவதே இல்லை. பை அழன்று, சீழ் கட்டி, துளை விழுந்தால்தான் ஆபத்து. சிலருக்கு அழன்ற குடல் மூத்திரப்பையோடு ஒட்டி, இரண்டிற்கும் இடையே வழி உண்டாகிவிடும். சிறுநீரோடு காற்று வெளிவருகிறது என்று சொல்லக் கூசி, அதனை மறைப்போர் உண்டு. மருத்துவருக்கோ அந்த ஒரு சொல்லே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்!

பிரெஞ்சு நிபுணர் ஹென்றி ஹார்ட்மன், புற்றுநோய்க்கென 1921-இல் ஒரு முறையை வெளியிட்டார். கெட்ட பகுதியை நீக்கிவிட்டு, குடலின் முனையை வயிற்றின்மீது வாயாகத் திறந்து வைப்பது அம்முறை. இந்நோயிலும் அது பல உயிர்களைக் காத்தது. ஆயினும் மலம் வெளிப்பையில் சேரும். குடலை மீண்டும் இணைக்க மற்றோர் அறுவை வேண்டும். சிலருக்கு அது கைகூடுவதே இல்லை.

பின்னர்ச் சிறு துளைகளின் வழியே செய்யும் ரண சிகிச்சை வந்தது. பம்பாயில் டெஹம்டன் உட்வாடியா 1990-இல் அவ்வாறு பித்தப்பையை அகற்றினார். ஆனால் அக்கருவிகள் நேரான குச்சிகள். இடுப்பெலும்புக் கூட்டின் குறுகிய இடத்தில், ஒட்டிக் கெட்டியான குடலை அவற்றால் பிரிப்பது, வாய் குறுகிய குடத்தினுள் இரு குச்சிகளால் முடிச்சவிழ்ப்பதை ஒக்கும்.

இயந்திரக் கரத்துக்கு மணிக்கட்டு உண்டு. அது வளையும், திரும்பும், நடுங்காது. சற்றுத் தள்ளி அமர்ந்த மருத்துவர், முப்பரிமாணக் காட்சியைக் கண்டபடி அதனை இயக்குகிறார். இயந்திரம் தானாக எதையும் வெட்டுவதில்லை. இப்பெயரைக் கேட்டு அஞ்சுவோர் இதனை அறிய வேண்டும். வயிற்றைப் பெரிதாகத் திறக்க நேர்வதும் இம்முறையில் குறைகின்றது. செலவும் நேரமும் மிகுதிதான். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனைக்கு இக்கருவி முதலில் வந்தது 2022-இல், சென்னை ஓமந்தூரார் தோட்டத்திலே.

துளை வழியே மலம் வயிறெங்கும் பரவி, ரத்த அழுத்தம் வீழ்ந்தவருக்கு இவ்வளவு ஏற்பாட்டிற்கு அவகாசம் இராது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு நள்ளிரவில் அத்தகையவர் ஒருவர் வந்தால், பெரும்பாலும் ஹார்ட்மனின் நூறாண்டு கடந்த முறையே அவரைக் காக்கும்.