கொடுத்த இரத்தம் நேராக நோயாளிக்குப் போவதில்லை

ஈப்போ: கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ நடக்கும் இரத்த தான முகாமில் பை நிறைந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. கூடவே சிறு குழாய்களில் எடுக்கப்படும் இரத்தம் எச்ஐவி, ஹெப்பாடைட்டிஸ் பி, ஹெப்பாடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகிய நான்குக்கும் பரிசோதிக்கப்படுகிறது. தொற்று உறுதியானால் பை அழிக்கப்படும். கொடுத்தவருக்கு இரகசியமாகத் தகவல் போகும்.

பிறகு பாரத்தில் ஏன் அத்தனை கேள்விகள்? கிருமி புகுந்த மறுநாளே எந்தக் கருவியிலும் தெரியாது. எச்ஐவியின் மரபணுவையே தேடும் நாட் பரிசோதனைக்கும் ஏறக்குறைய 11 நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கொடுத்த இரத்தம் சுத்தமானது போலவே காட்டும். ஒரு பை சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிந்து மூன்று நோயாளிகளுக்குப் போகலாம். எனவே, 'இலவசமாக செக் பண்ணிக்கொள்ளலாம்' என்று முகாமுக்கு வருவது ஆபத்து. சந்தேகம் உள்ளவர்கள் அரசாங்க கிளினிக்கில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஹெப்பாடைட்டிஸ் பி. நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு அதன் தடுப்பூசி 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் குழந்தையில் அந்த ஊசி கிடைக்கவில்லை. தாயிடமிருந்து தொற்றிய கிருமி பல்லாண்டுகள் அறிகுறியே இல்லாமல் கல்லீரலில் இருக்கும். சிலருக்கு இரத்தம் கொடுத்த பிறகுதான் விஷயமே தெரியவரும்.

அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று கடிதத்தை அலமாரியில் போட்டுவிடக் கூடாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது பரவாது. கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொற்றில்லாத, ஊசி போடாதவர்கள் மூன்று தவணைகளில் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.