முகங்களைச் சேமிக்கும் காவல்துறை

பிரிட்டனில் ஆர்ப்பாட்டங்களுக்கு வருவோரை வெளிப்படையாகவே படமெடுத்து, யார் யாருடன் வருகிறார் என்று குறித்துக்கொள்ளும் சீருடைக் காவலர் குழுக்கள் 1990களில் உருவாயின. 2005இல் லண்டனில் ஒரு நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்திற்குச் சென்று, எக்குற்றமும் செய்யாமல் வெளியே வந்த ஆயுத வணிக எதிர்ப்பாளர் ஆண்ட்ரூ வுட்டையும் காவலர்கள் தெருவில் படமெடுத்தனர். அவர் தொடுத்த வழக்கில், அப்படத்தைத் தக்க காரணமின்றிச் சேமித்து வைத்தது தனிவாழ்வு உரிமையை, அதாவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவை, மீறுவதாக 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது.

இதைவிட வேதனையானது ஜான் காட்டின் வழக்கு. குற்றப்பின்னணி ஏதுமற்ற அந்த முதியவர் ஆர்ப்பாட்டத்தில் நின்று ஓவியம் தீட்டியதைக்கூடக் காவல்துறை பதிவு செய்திருந்தது. தம்மைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப்பெறும் தரவுப் பாதுகாப்புச் சட்ட உரிமையின்படி அவர் விண்ணப்பித்த பிறகே 66 பதிவுகள் வெளிவந்தன. உள்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் கைவிட்டபோதும் அவர் தளராமல் போராடி, 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்.

காவலரின் கேமராவைப் பதாகையால் மறைத்தவர்கள் கைதானதும் உண்டு என்பதால், பொது இடத்தில் காவலரைத் திருப்பிப் படமெடுப்பதும், பதிவுகளைக் கேட்டு விண்ணப்பிப்பதுமே இக்கண்காணிப்பை எதிர்கொள்ள உறுதியான வழிகள். சில விவரங்களைக் காவல்துறை மறைக்கலாம் எனினும், இன்று அவ்விண்ணப்பத்திற்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது.