குறுகிய காலக் கடன் பத்திர நிதி கொள்ளத்தக்கதா?

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்றும், ஊரில் வீடு புதுப்பிப்பதற்கென்றும் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில், "வங்கியில் போடுவதினும் குறுகிய காலக் கடன் பத்திர நிதியில் போட்டால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்குமாமே!" என்னும் பேச்சு எழுவதுண்டு. கிடைக்கலாம். ஆயினும் அக்கூடுதல் எதற்காகத் தரப்படுகிறது என்பதை விசாரித்தறிவது அவசியம்.

பலரிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு அரசாங்கமும் கம்பெனிகளும் வெளியிடும் கடன் பத்திரங்களை வாங்கி வைப்பதே இந்நிதியின் தொழில். 'குறுகிய' என்ற சொல் கடனின் காலத்தைக் குறிக்கிறதேயன்றிக் கடன் வாங்கியவரின் நாணயத்தைக் குறிப்பதன்று.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் சுமார் 25,000 கோடி ரூபாய் கொண்ட ஆறு கடன் நிதிகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றுள் ஒன்று குறுகிய கால நிதி. கூடுதல் வட்டியை நாடி, உயர்ந்த தரத்தினும் குறைந்த பத்திரங்களை அவை பெருமளவில் வாங்கியிருந்தன. கொரோனாக் காலத்தில் பணத்தைத் திரும்பக் கேட்போர் பெருகினர். பத்திரங்களை வாங்குவோரோ அருகினர். வழக்கு நம் நகரத்துக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நடைபெற்றது. முதலீட்டாளர்களில் பெரும்பான்மையோரின் சம்மதமின்றி நிதிகளை மூடலாகாது என்று 2020 அக்டோபரில் அது தீர்ப்பளித்தது. சம்மதம் அவசியமே என்பதை 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. முடிவில் பணம் திரும்பி வந்தது. ஆனால் தவணை தவணையாக வந்தது. கல்லூரிக் கட்டணத்திற்குக் கெடு உண்டு. தவணைக்காக அது காத்திராது.

ஆகவே வாங்குமுன் நான்கு செய்திகளை ஆராய்க.

முதலாவது, கடன் வாங்கியோர் யாவர்? நிதி மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில் அரசாங்கப் பத்திரங்களும் மிக உயர்ந்த தரமுடையவையும் எவ்வளவு உள்ளன என்று பார்க்க.

இரண்டாவது, சராசரிக் காலம். அது 2 ஆண்டுகளாயின், சந்தையில் வட்டி விகிதம் 1 சதவீதம் ஏறும்போது நிதியின் மதிப்பு ஏறக்குறைய 2 சதவீதம் இறங்கும்.

மூன்றாவது, செலவும் வரியும். பத்திரங்கள் 7 சதவீதம் ஈட்ட, நிர்வாகச் செலவு 1 சதவீதமாயின் நமக்கு எஞ்சுவது 6. தரகரின்றி நேரடித் திட்டத்தில் சேர்ந்தால் செலவு குறையும். 2023 ஏப்ரல் முதல் வாங்கியவற்றின் லாபத்திற்கு அவரவர் வருமான வரி விகிதமே பொருந்தும். ஆதலின் முன்பிருந்த வரிச் சலுகையை எண்ணி மயங்க வேண்டா.

நான்காவது, காப்பு. ஒரு வங்கியில் ஒருவர் வைக்கும் பணத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதிக்கு அஃது இல்லை.

இவ்வளவும் கழித்தபின் வங்கி வட்டியினும் மிச்சம் தெளிவாகத் தெரிந்து, ஈராண்டேனும் அப்பணம் தேவைப்படாதாயின், தரமான நிதியை வாங்கலாம். நாள் குறித்த செலவிற்குரிய பணத்தை வங்கியிலேயே விட்டு வைப்பது நலம்.